மார்மன் மிஷனரிகள் தீவில் என்னதான் செய்கிறார்கள்? சமோவாவில் பார்த்ததை வைத்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை என்று இரண்டிரண்டு பேராகச் சுற்றும் மார்மன் மிஷனரிகள் பசிபிக் தீவுகளிலும் இருக்கிறார்களே, அங்கே அவர்களுடைய ஒரு நாள் எப்படிப் போகும்? இரண்டு வருடம் கடற்கரையில் ஜாலியாக இருந்துவிட்டு ஊர் திரும்புவதுதானே?

கடற்கரையை முதலில் முடித்துவிடுவோம். அவர்கள் கடலில் இறங்கக் கூடாது. மிஷனரிகளுக்கென்று இருக்கும் விதிகளில் நீச்சலுக்குத் தடை உண்டு. உலகத்திலேயே அழகான கடல்களில் ஒன்று வாசலில் கிடக்க, வியர்வை சொட்டச் சொட்ட அதன் ஓரமாக நடந்து போவார்கள். ஞானஸ்நானம் கொடுப்பதற்காக இடுப்பளவு தண்ணீரில் இறங்குவது மட்டும்தான் விதிவிலக்கு.

நான் வேலை நிமித்தமாகச் சமோவாவில், ஆப்பியா நகரத்துக்குப் பக்கத்தில் சில வருடங்கள் குடியிருந்தவன். மார்மன் கிடையாது. ஆனால் எங்கள் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தது எப்போதும் மிஷனரிகள்தான். ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், வீடு அதேதான். அதனால் நான் சொல்வது சமோவாவைப் பற்றி. டோங்காவிலோ கிரிபாட்டியிலோ சில விஷயங்கள் வேறாக இருக்கலாம்.

சபையின் முழுப்பெயர் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை'. தலைமையகம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில். 2018-லிருந்து 'மார்மன்' என்ற பட்டப்பெயரைத் தவிர்க்கும்படி சபைத் தலைமையே கேட்டுக்கொண்டது. ஆனாலும் சமோவாக்காரர்கள் 'மமோனா' என்றுதான் சொல்வார்கள், நானும் வசதிக்காகப் பழைய பெயரையே வைத்துக்கொள்கிறேன். பையன்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம் ஊழியம். 2012-ல் புறப்படும் வயதைப் பையன்களுக்கு 19-லிருந்து 18-ஆகவும், பெண்களுக்கு 21-லிருந்து 19-ஆகவும் குறைத்தார்கள்; 2025-ல் பெண்களுக்கும் 18 ஆக்கிவிட்டார்கள். அதாவது நாம் பேசுவது பள்ளி முடித்த கையோடு வந்த பிள்ளைகளைப் பற்றி. 'எல்டர்', அதாவது மூப்பர், என்று பட்டையில் போட்டிருக்கும், மீசை சரியாக முளைத்திருக்காது.

சம்பளம் கிடையாது. மாறாகக் குடும்பம்தான் பணம் கட்டுகிறது. அமெரிக்கப் பிள்ளை என்றால் 2020 ஜூலையிலிருந்து மாதத்துக்கு 500 டாலர். எந்த நாட்டுக்கு அனுப்புகிறார்கள் என்பது அவர்கள் கையில் இல்லை. பாரிஸுக்குப் போனாலும் சமோவாவின் சவாயித் தீவுக்குப் போனாலும் வீட்டார் கட்டும் தொகை ஒன்றுதான்.

இனி ஒரு நாள். அதில் இரண்டு விதிப்புத்தகங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே இருக்கும். ஒன்று யூட்டாவிலிருந்து வந்தது, அச்சில் இருக்கிறது. மற்றொன்று அந்தக் கிராமத்துடையது, எழுதிவைக்கப்படவில்லை, ஆனால் ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும்.

யூட்டா புத்தகப்படி காலை ஆறரைக்கு எழ வேண்டும். உடற்பயிற்சி, குளியல், சாப்பாடு, எட்டு மணிக்கு வேதபாடம், பிறகு கூட்டாளியோடு சேர்ந்து படிப்பு, மொழிப் பயிற்சி, பத்து மணி வாக்கில் வெளியே கிளம்புவது, இரவு ஒன்பதுக்கு வீடு, பத்தரைக்குப் படுக்கை. 2017-ல் இதைக் கொஞ்சம் தளர்த்தி, உள்ளூருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். நல்லவேளை. ஏனென்றால் சமோவா கிராமத்தில் காலை பத்து மணி என்பது கிட்டத்தட்ட நாள் முடிந்த நேரம். வெயில் ஏறுமுன் தோட்டத்துக்குப் போய் டாரோக் கிழங்கு தோண்டி, தேங்காய் பொறுக்கி வந்தவர்கள் அப்போதுதான் பாயை விரித்துச் சாய்வார்கள். பையில் புத்தகத்தோடு உற்சாகமாகக் கிளம்பும் புதுப்பையன் பார்ப்பது, ஊரே தூங்கும் காட்சி. உருப்படியான சந்திப்பெல்லாம் சாயங்காலம் நான்கு மணிக்கு மேல்தான்.

பகலில் என்ன செய்வார்கள்? விவரமான ஜோடிகள் யாராவது ஒரு பெரியவரின் தோட்டத்துக்குப் போய் வெட்டுக்கத்தியால் புதர் வெட்டிக் கொடுப்பார்கள், தேங்காய் உரிப்பார்கள், கூரை வேலைக்குக் கை கொடுப்பார்கள். இப்படிப்பட்ட சேவை அவர்களுடைய வேலையில் ஒரு பகுதி என்றே கணக்கு. என் கணிப்பில், ஒரு கிராமம் மிஷனரிகளை மதிக்க ஆரம்பிப்பது அங்கேதான். பிரசங்கத்தை யார் வேண்டுமானாலும் செய்யலாம். தரையில் நட்ட கூர்க்கம்பியில் தேங்காயைக் குத்தி மூன்று திருப்பில் மட்டையைக் கழற்றத் தெரிந்தவனுக்குத் தனி மரியாதை.

உடை கொஞ்சம் வேறு. மேலே அதே வெள்ளைச் சட்டை, டை. கீழே பேன்ட்டுக்குப் பதில் 'ஈயே ஃபைதாங்கா', பாக்கெட் வைத்துத் தைத்த, முழங்காலுக்குக் கீழே வரும் சுற்றுத்துணி. காலில் செருப்பு. இது சமோவா ஆண்களின் அலுவலக உடையும்கூட. வங்கி அதிகாரியும் போலீஸ்காரரும் இதைத்தான் கட்டுவார்கள். பெண் மிஷனரிகள் 'புலேத்தாசி' என்ற இரண்டு பகுதி உடை போடுவார்கள்.

கூட்டாளி விஷயம்தான் வெளியாட்களுக்குப் பிடிபடுவதில்லை. எப்போதும் இரண்டு பேர். ஒருவர் பார்வையில், காதெட்டும் தூரத்தில் மற்றவர் இருக்க வேண்டும். கடைக்கு, சந்தைக்கு, மருத்துவமனைக்கு எங்கே போனாலும் ஜோடிதான். ஒரே அறையில் தூக்கம். யாரோடு ஜோடி என்பதை முடிவு செய்வது மிஷன் தலைவர். ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றப் பட்டியல் வரும். பிடிக்காத ஆளோடு ஆறு வாரம் தள்ளுவது, அதிலும் மின்விசிறி மட்டுமே இருக்கும் ஒரு சின்ன வீட்டில், சாமானியமான காரியம் இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு ஜோடி ஒருவரோடொருவர் பேசாமலேயே தினமும் ஒன்றாகக் கிளம்பிப் போய் ஒன்றாகத் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். சாப்பிட்ட தட்டை ஒருவர் கழுவ, மற்றவர் துடைத்து வைப்பார். வாய் மட்டும் திறக்காது.

இன்னொரு விஷயம். வருகிறவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். சமோவாப் பிள்ளைகளும் டோங்காப் பிள்ளைகளும் நிறைய. யூட்டாவிலிருந்து வந்த பையனுக்கு உள்ளூர்க் கூட்டாளி வாய்த்தால் பிழைத்தான். எந்த வீட்டில் எப்படி உட்கார வேண்டும், யாரிடம் முதலில் பேச வேண்டும் என்று முழங்கையால் இடித்துச் சொல்லிக் கொடுப்பான்.

உட்காருவது ஏன் பெரிய விஷயம்? சமோவாவின் பாரம்பரிய வீடான 'ஃபலே'க்குச் சுவரே கிடையாது. சுற்றிலும் தூண்கள், மேலே கூரை, நடுவில் பாய். இப்போது சுவர் வைத்த வீடுகள் பெருகிவிட்டன. ஆனாலும் விருந்தாளிகளை உட்கார வைக்க முன்னால் ஒரு திறந்த ஃபலே இருக்கும். தட்டுவதற்குக் கதவே இல்லாத இடத்தில் 'வீடு வீடாகக் கதவைத் தட்டுவது' எப்படி? தூரத்திலிருந்தே வீட்டுக்காரர் பார்த்துவிடுவார். பார்க்காத மாதிரி அவர் திரும்பிப் படுத்துக்கொண்டால் விஷயம் புரிந்துவிடும். விருப்பம் இருந்தால் ஒரு பிள்ளை ஓடிப்போய் நல்ல பாயை எடுத்து விரிக்கும். குனிந்து, 'துலோவ்' என்று மன்னிப்புக் கேட்டபடி உட்கார்ந்திருப்பவர்களைக் கடந்து போய்ச் சம்மணம் போட வேண்டும். நின்றுகொண்டு பேசுவது அவமரியாதை. காலை நீட்டி யாரையும் நோக்கி வைத்தால் அதைவிடப் பெரிய அவமரியாதை. வலி தாங்காமல் நீட்டியே ஆக வேண்டுமென்றால், காலின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிக்கொள்ளலாம். நாற்காலியிலேயே வளர்ந்த பையன்களுக்கு முதல் மாதம் முழங்கால் மரத்தே போய்விடும்.

பிறகு வரவேற்புரை. வீட்டில் பட்டம் பெற்ற தலைவர், அதாவது 'மத்தாய்', இருந்தால் சம்பிரதாயமான மொழியில் வரவேற்பார். அதற்கு அதே தரத்தில் பதில் சொல்ல வேண்டும். தலைவர்களிடம், போதகர்களிடம் பேசுவதற்குத் தனிச் சொற்களே உண்டு. போதாக்குறைக்கு, பயிற்சி மையத்தில் 't' ஒலியோடு படித்த சொற்களையெல்லாம் தெருவில் 'k' ஒலியோடு பேசுவார்கள். மேடையில், பிரார்த்தனையில் t. வீட்டில், சந்தையில் k. மிஷனரிகள் t-யிலேயே பேச வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அதனால் இவன் பேசுவது ஊருக்குப் புரியும். ஊர் பேசுவது இவனுக்குப் பல மாதம் புரியாது.

விதிப்புத்தகம் சொல்லும் இன்னொன்று: எதிர்ப்பாலினத்தவரோடு தனியாக ஒரு வீட்டுக்குள் இருக்கக் கூடாது. சுவரே இல்லாத வீட்டில் 'உள்ளே' எது, 'வெளியே' எது? இருந்தாலும் வீட்டில் பெண் மட்டும் இருந்தால், கூட ஒரு பெரியவர் வரட்டும் என்று வாசலிலேயே நின்றுகொள்வார்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. சபை உறுப்பினர்கள் மிஷனரிகளுக்கு முறை வைத்துச் சாப்பாடு போடுவார்கள். டாரோக் கிழங்கு, ஈரப்பலா, தேங்காய்ப்பாலில் வெந்த பச்சை வாழைக்காய், கோழி, டின் மாட்டிறைச்சி, சேமியா போட்ட 'சப்பசுய்'. டாரோவின் இளம் இலையில் தேங்காய்ப்பாலும் வெங்காயமும் வைத்துச் சுட்டெடுப்பது 'பலுசாமி'. நம் ஊர் ஆள் பெயர் மாதிரி இருக்கிறதே என்று முதல் தடவை நான் சிரித்தேன், அப்புறம் தட்டில் மிச்சம் வைக்கவில்லை. தேநீர், காபி, மது, புகையிலை எதுவும் மார்மன்களுக்கு ஆகாது. ஆனால் வறுத்து இடித்த கொக்கோவில் போடும் 'கோகோ சமோவா'வுக்குத் தடை இல்லை. அதை லிட்டர் கணக்கில் குடிப்பார்கள்.

முதலில் விருந்தாளிதான் சாப்பிட வேண்டும். வீட்டுக்காரர்கள் கூட உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். எதிரே ஒரு பெண்ணோ பையனோ உட்கார்ந்து, ஓலை விசிறியால் தட்டுக்கு மேல் மெதுவாக வீசி ஈ ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். தட்டில் இருப்பதோ நான்கு பேர் சாப்பாடு. அமெரிக்க வீட்டில் 'தட்டைக் காலி செய்' என்று வளர்ந்த பையன், மரியாதை என்று நினைத்துத் திணறித் திணறி முழுவதையும் சாப்பிடுவான். வீசிக்கொண்டிருக்கும் பிள்ளையின் கண் தட்டிலேயே இருப்பதைக் கவனிக்க மாட்டான். மிச்சம் இருப்பதைத்தான் அந்தக் குடும்பம் அப்புறம் சாப்பிட வேண்டும். பழகிய மிஷனரி மேலாப்பில் கொஞ்சம் எடுத்துச் சாப்பிட்டு, ருசியை வாய் நிறையப் பாராட்டி, இறைச்சித் துண்டுகளைத் தொடாமல் தட்டைத் தள்ளி வைப்பான். யூட்டாப் புத்தகத்தில் இது கிடையாது. யாராவது உள்ளூர்க் கூட்டாளி சொன்னால்தான் உண்டு.

சாயங்காலம் ஆறு, ஆறரைக்கு 'சா' என்ற பிரார்த்தனை நேரம். மணி அடிக்கும், அல்லது சங்கு ஊதுவார்கள். கிராமத்து இளைஞர்கள் லவாலவா என்ற சுற்றுத்துணி கட்டிக்கொண்டு சாலையோரம் வரிசையாக நிற்பார்கள், நடமாட்டத்தை நிறுத்துவதற்காக. ஒவ்வொரு வீட்டிலும் குடும்ப ஜெபம். மீறினால் ஊர்ச்சபையான 'ஃபோனோ' அபராதம் போடும், அது பன்றியாகவோ டின் மீன் பெட்டியாகவோ இருக்கலாம். வழியில் மாட்டிக்கொண்ட மிஷனரிகளை யாராவது பக்கத்து ஃபலேவுக்குக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். அந்த வீடு கத்தோலிக்கமாக இருக்கலாம், மெதடிஸ்டாக இருக்கலாம். அவர்களோடு சேர்ந்து பாட்டுப் பாடி ஜெபித்துவிட்டு, அப்படியே பேச்சுக் கொடுப்பார்கள். பகல் முழுவதும் அலைந்து கிடைக்காத அறிமுகம் இப்படிக் கிடைத்துவிடும்.

அலைச்சலில் பெரிய எதிரி நாய். சமோவாவில் தெருநாய் தொல்லை அப்படி. 2013-ல் நாய்களைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டமே போட்டார்கள். இரவு நடக்கும்போது கையில் இரண்டு கல் வைத்திருப்பது மிஷனரிகளின் முதல் பாடம். பெரும்பாலும் கல்லை எறிய வேண்டியதில்லை, குனிந்து எடுப்பது போலப் பாவனை செய்தால் போதும். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

சரி, பிரசங்கம்? இங்கேதான் கேள்வி கேட்டவருக்கு ஒரு திருத்தம். மிஷனரி என்றால் கிறிஸ்துவையே கேள்விப்படாதவர்களிடம் போவது என்று ஒரு படம் நம் மனதில் இருக்கிறது. சமோவாவில் லண்டன் மிஷனரி சங்கத்தின் ஜான் வில்லியம்ஸ் 1830-ல் சவாயித் தீவின் சப்பபாலியில் இறங்கினார். அதிலிருந்து நாடே கிறிஸ்தவ நாடு. 2017-ல் அரசியல் சாசனத்திலேயே அப்படித் திருத்தம் செய்துவிட்டார்கள். ஆக இவர்கள் சந்திப்பது தங்களைவிட நன்றாக பைபிள் தெரிந்தவர்களை. ஒரு கிழவி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வசனம் வசனமாகக் கேட்க, பத்தொன்பது வயதுப் பையன் இன்னும் பிடிபடாத மொழியில் பதில் தேடுவான்.

மார்மன்களும் அங்கே புதியவர்கள் இல்லை. 1860-களின் தொடக்கத்தில் ஹவாயிலிருந்து கீமோ பெலியோ, சமுவேலா மனோவா என்ற இரண்டு பேர் இப்போதைய அமெரிக்க சமோவாவில் உள்ள அவுனு தீவுக்கு வந்தார்கள். அனுப்பியவர் வால்டர் மரே கிப்சன் என்பவர், சபைத் தலைமையின் அனுமதி இல்லாமலேயே. அவரைச் சபை விலக்கிவிட்டது. இந்த இருவரை மறந்தும் போனது. பெலியோ அங்கேயே இறந்தார். 1888-ல் ஜோசப் டீன் என்பவர் முறைப்படி மிஷன் தொடங்க அதே அவுனுவில் வந்து இறங்கியபோது மனோவா இன்னும் அங்கேதான் இருந்தார், கால் நூற்றாண்டு கழித்து. பைபிளோடு இவர்கள் வேதமாகக் கொள்ளும் 'மார்மன் புத்தகம்' சமோவா மொழியில் 1903-ல் வந்தது. அடுத்த வருடம், ஆப்பியா இருக்கும் உப்போலு தீவின் உட்பகுதியில் சவுனியாத்து என்ற ஊரை உண்டாக்கினார்கள். மதம் மாறியதற்காகச் சொந்த ஊரில் இடம் இல்லாமல் போனவர்களுக்கும் அது புகலிடம் ஆனது. 2016 கணக்கெடுப்பின்படி சமோவாவில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் மார்மன்.

அதனால் இன்று தெருவில் வரவேற்பு மோசமில்லை. ஆனால் முடிவெடுப்பது தனி மனிதர் இல்லை என்பதைப் புரிந்துகொள்ளத்தான் நாளாகும். ஒரு பையன் எல்லாப் பாடமும் கேட்டு, ஞானஸ்நானத்துக்குத் தேதியும் குறித்த பிறகு, குடும்பத்து மத்தாய் 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஃபோனோவுக்கு 1990-லிருந்து சட்ட அதிகாரமும் உண்டு. புதிய சபைகளைத் தன் எல்லைக்குள் விடாத கிராமங்கள் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. மாறுகிறவர்கள் சொல்லும் காரணங்களில் நான் அடிக்கடி கேட்டது, காணிக்கை. பழைய சபை ஒன்றில் ஒவ்வொரு குடும்பமும் எவ்வளவு கொடுத்தது என்று எல்லோர் முன்னாலும் வாசிப்பார்கள். மார்மன் சபையில் உறை மூடியிருக்கும். ஆனால் அந்த உறைக்குள் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும். எது லேசு என்று எனக்குத் தெரியவில்லை, கூச்சம் குறைவு என்பது மட்டும் நிஜம்.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்பே 'உமு' அடுப்புப் புகை ஊரெல்லாம் பரவும்; சூடான கல்லின் மேல் கிழங்கும் பன்றியும் வைத்து இலையால் மூடுவார்கள். ஊரே வெள்ளை உடுத்துக் கோயிலுக்குப் போகும். மார்மன் ஆராதனை முன்பு மூன்று மணி நேரம், 2019-லிருந்து இரண்டு. ரொட்டியும் தண்ணீரும்தான் திருவிருந்து. பிறகு உறுப்பினர் வீட்டில் 'தோனாய்' என்ற பெரிய மதியச் சாப்பாடு. அன்று தூக்கம் வராமல் இருக்க வேண்டுமென்றால் தனி அருள் வேண்டும்.

திங்கட்கிழமைதான் அவர்களுடைய சொந்த நாள், அதுவும் சாயங்காலம் வரைக்கும். வாளியில் துணி ஊறவைத்துத் துவைப்பார்கள். வெள்ளைச் சட்டைக் காலர் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் காய வைப்பது ஒரு கலை. சந்தை, முடிவெட்டு, கூடைப்பந்து. கொசுக்கடியைச் சொறிந்து சீழ் பிடித்துக் கட்டியாவது சர்வ சாதாரணம். கணுக்காலில் பிளாஸ்திரி இல்லாத மிஷனரியைப் பார்ப்பது அபூர்வம். அப்புறம் வீட்டுக்குப் போன். 2019 பிப்ரவரி வரை கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் குரல் கேட்க முடியும், மற்றபடி வாரம் ஒரு மின்னஞ்சல். இப்போது வாரா வாரம் பேசலாம், முகம் பார்த்தே பேசலாம். சமோவா 2011 டிசம்பர் 30-ஆம் தேதியை நாட்காட்டியிலிருந்தே தூக்கிவிட்டுத் சர்வதேசத் தேதிக்கோட்டின் மேற்குப் பக்கம் தாவியது. அதனால் இங்கே திங்கள் மதியம் என்றால் யூட்டாவில் ஞாயிறு மாலை, குடும்பம் முழுவதும் வீட்டில் இருக்கும் நேரம். அந்தப் போன் முடிந்த ஒரு மணி நேரத்துக்குப் புதுப்பையன்களிடம் பேச்சுக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

எல்லோரும் இரண்டு வருடத்தையும் முடிப்பதில்லை. உடம்புக்கு முடியாமல், மனதுக்கு முடியாமல், நம்பிக்கையே ஆட்டம் கண்டு பாதியில் திரும்புகிறவர்கள் உண்டு. அப்படித் திரும்புகிறவனை ஊரில் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்ற பயத்தாலேயே பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர்களும் உண்டு. இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒப்பாத பகுதி அதுதான். பதினெட்டு வயதில் 'இது சரிப்படவில்லை' என்று சொல்ல ஒரு பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் சுலபமான வழி இருக்க வேண்டும்.

நீங்கள் ஆப்பியா பக்கம் போக நேர்ந்து, நேரிலேயே கேட்க வேண்டும் என்று தோன்றினால், திங்கட்கிழமை காலையில் ஃபுகலேய் சந்தையில் பாருங்கள். பெயர்ப்பட்டையோடு காய்கறி பேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். சபையைப் பற்றி எடுத்ததும் ஆரம்பிக்க வேண்டாம், அப்புறம் உங்கள் முகவரியை வாங்காமல் விடமாட்டார்கள். எந்த ஊரில் நாய் அதிகம், எந்த வீட்டில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று கேளுங்கள், வேண்டிய அளவுக்குச் சொல்வார்கள்.